'அப்பவே தெரியும்டி!'

"நீ இப்படித்தான் வருவேன்னு எனக்கு அப்பவே தெரியும்டி!"

எங்க பிளஸ் டூ பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல இந்த வசனம் வராத நாளே கிடையாது. யாராவது புதுசா உள்ள வருவா. "ஹெச்.எம். ஆயிட்டேன்ப்பா"ன்னு ஒரு வரி போடுவா. கைதட்டற பொம்மை வரும், பூங்கொத்து வரும், எவளோ ஒருத்தி ஆடற கரடியை அனுப்புவா. பின்னாடியே, "அப்பவே தெரியும்டி."

இன்னொருத்தி சீட்டு கட்டி ஏமாந்த கதையைப் பொலம்புவா.

"உன் வெள்ளை மனசு எங்களுக்கு அப்பவே தெரியும்டி."

ஜெயிச்சாலும் தெரியும். தோத்தாலும் தெரியும். கடுப்பா இருக்குமா, இருக்காதா?

என்னடி தெரியும் உங்களுக்கு? 1998 மார்ச்ல நமக்கு என்னதான் தெரிஞ்சுது? பரீட்சைக்கு முந்தின ராத்திரி வரைக்கும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒரு வரி புரியல. பக்கத்துல உக்காந்திருந்தவ இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு என்னவா வருவான்னு மட்டும் தெரிஞ்சுதாக்கும்!

இதையெல்லாம் குரூப்ல எழுத முடியாது. அட்மின் கோவக்காரி. அதான் இங்க வந்து கொட்டறேன்.

முதல்லயே சொல்லிடறேன், பேர் எதுவும் எழுதப் போறதில்ல. திருவண்ணாமலைல ஒரு பொண்ணுங்க ஸ்கூல், ஃபர்ஸ்ட் குரூப், 98 பேட்ச். அவ்வளவுதான். எந்த ஸ்கூல்னு கேட்டா ஒரே ஒரு அடையாளம் சொல்றேன்: கிளாஸ் ஜன்னலைத் திறந்தா மலை தெரியும். (எங்க ஊர்ல எந்த ஸ்கூல் ஜன்னலைத் திறந்தாலும் மலைதான் தெரியும். கண்டுபிடிச்சுக்கோங்க.)

போன மாசம் பாஸ்போர்ட் வேலைக்காக டி.சி.யைத் தேடி எடுத்தேன். பீரோவுல கல்யாணப் புடவைக்கு அடியில, பாலிதீன் கவர்ல, மடிப்பு மடிப்பா கிழியற நிலைமைல இருந்துச்சு. அதுல ஒரு கட்டம், 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்'. பக்கத்துல நீல மையில 'நன்று'.

அன்னிக்கு ஆபீஸ் ரூம் வாசல்ல வரிசையில நின்னு வாங்கினோம். ஒருத்தி டி.சி.யை இன்னொருத்தி பிடுங்கிப் பாத்தோம். எல்லாருக்கும் நன்று. ரெகார்டு நோட்டுக்கு பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, மூலைல பூ வரைஞ்சு கொண்டு வந்தவளுக்கும் நன்று. லேப்ல ஹைட்ரஜன் சல்ஃபைடைத் திறந்து விட்டு (அழுகின முட்டை நாத்தம், தெரியும்ல?) ரெண்டு பீரியடைக் காலி பண்ணவளுக்கும் நன்று. எங்க அறுபது பேரையும் ஒரே வார்த்தைல முடிச்சு அனுப்பிட்டாங்க.

'அங்க அடையாளங்கள்'ங்கற கட்டத்துலதான் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசம். வலது முழங்கையில் ஒரு மச்சம். இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. சில பேர் அந்த மச்சத்தை இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க.

(டி.சி.ல இன்னொரு கூத்தும் இருக்கு. நாங்க பொறந்தப்ப ஊர் வட ஆற்காடு மாவட்டத்துல இருந்துச்சு. 1989 செப்டம்பர்ல அதைப் பிரிச்சு, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்னு ஆக்கினாங்க. நோட்டு லேபிள்ல அவ்வளவு நீளத்தையும் எழுதிக் கை வலிச்சுது. 1997-ல மாவட்டத்துப் பேர்லேர்ந்து தலைவருங்க, மன்னருங்க எல்லாரையும் எடுத்துட்டாங்க. டி.சி. கைக்கு வந்தப்ப வெறும் திருவண்ணாமலை. குடியிருந்தது ஒரே வீடு, பாத்தது மூணு மாவட்டம். சொந்த மாவட்டத்துப் பேர் அடுத்த வருஷம் என்னவா இருக்கும்னே தெரியாதவங்க, ஆள் என்னவா ஆவான்னு ஜோசியம் சொல்றாங்க!)

டி.சி.தான் இப்படி, நாங்களே எழுதிக்கிட்ட ஆட்டோகிராப் எப்படின்னு பாத்தா அது அதை விட மோசம்.

ரோஸ், மஞ்சள், வெளிர் பச்சைன்னு பக்கத்துக்குப் பக்கம் கலர் மாறும், அந்த நோட்டு. மோந்து பாத்தா சென்ட் வாசனை. கடல் வத்தினாலும் வத்தாது, மலை சாஞ்சாலும் சாயாதுன்னு வரிசையா ஒரே மாதிரி சத்தியம். 'லட்சியம்'ங்கற இடத்துல கிட்டத்தட்ட எல்லாரும் டாக்டர். ஃபர்ஸ்ட் குரூப்ல வேற என்ன எழுதறது? 'பிடித்த நடிகர்'ல பாதிப் பேர் விஜய். முந்தின டிசம்பர்லதானே 'காதலுக்கு மரியாதை' வந்துச்சு. 'மறக்க முடியாத நாள்'னு இருந்த இடத்துல எல்லாரும் 'இன்று'ன்னு எழுதினோம். யாரோ முதல்ல ஒருத்தி எழுதினா, மீதிப் பேர் அதைப் பாத்து எழுதினோம். ஆட்டோகிராப்ல கூட காப்பி!

ஆக, டி.சி.யை நம்பாதீங்க. ஆட்டோகிராப்பையும் நம்பாதீங்க. என்னைக் கேட்டா, நிஜமான கான்டக்ட் சர்டிஃபிகேட் பட்டப்பேர்தான். அதுல வருங்காலம் ஒண்ணும் கிடையாது. அவ தினமும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்னு மட்டும் இருக்கும். எங்களுக்கு நிஜமாத் தெரிஞ்சதே அவ்வளவுதான்.

ஊக்குன்னு ஒருத்தி இருந்தா.

தாவணி யூனிஃபார்ம் போட்டவங்களுக்கு இது புரியும். தோள்ல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, ஊக்கு இல்லாம அது நிக்காது. அசெம்பிளில மடிப்பு கலைஞ்சு நின்னா பி.டி. டீச்சர் கண்ணு நேரா அங்கதான் வரும். இவ கை வளையல்ல சின்னதும் பெருசுமா ஊக்கு வரிசையா தொங்கிக்கிட்டு இருக்கும். எழுதும்போது டெஸ்க்ல பட்டு கிலுகிலுன்னு சத்தம் வரும். யாருக்காவது வயித்து வலின்னா இவதான் டீச்சர்கிட்ட போய்ச் சொல்லுவா. யாராவது அழுதா இவ கர்ச்சீப். அவ ஆட்டோகிராப்ல நாங்க எல்லாரும் 'நீதான் எங்க அம்மா'ன்னு எழுதினோம். பதினேழு வயசுப் பொண்ணுகிட்ட!

இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு நாங்க எல்லாரும் ஒண்ணா கூடின அன்னிக்கு (அந்தக் கதைக்கு அப்புறம் வரேன்), ஒருத்தி புடவை மடிப்பு சரிஞ்சுடுச்சு. எல்லாரும் அனிச்சையா ஊக்கு பக்கம் திரும்பினோம்.

"எங்கிட்ட இல்லடி. நான் இப்பல்லாம் எதுவும் வச்சுக்கறதில்ல."

சுடிதார் போட்டு, கையில ஒரே ஒரு வாட்ச் கட்டி வந்திருந்தா. அவளே சொன்னா: "வீட்ல எனக்குக் கீழ மூணு பேர். அம்மா விடிகாலைல களை எடுக்கப் போயிடும். வீட்ல செஞ்ச பழக்கத்துல ஸ்கூல்லயும் செஞ்சுட்டிருந்தேன். நீங்க என்னமோ அதை என் குணம்னு நினைச்சுட்டீங்க. இப்ப என் பொண்ணு டிபனை அவளே கட்டிக்கறா. நான் எட்டு மணிக்கு எந்திரிக்கறேன்."

எட்டு மணி! மண்டபமே பொறாமைல அமைதியாயிடுச்சு. அப்பவும் ஒருத்தி வாயைத் திறந்து, "உனக்குள்ள இப்படி ஒரு தைரியம் இருக்குன்னு அப்பவே"ன்னு ஆரம்பிச்சா. என் கையில வடை இருந்துச்சு. எறியல.

பிபிசின்னு ஒருத்தி. எந்த டீச்சருக்கு எங்க டிரான்ஸ்ஃபர், எந்த செக்‌ஷன்ல யாருக்கு லெட்டர் வந்துச்சு, எல்லாம் பிரேயர் முடியறதுக்குள்ள ஒலிபரப்பு ஆயிடும். இப்ப நர்ஸ். பிரசவ வார்டு. இருபது வருஷமா அடுத்தவங்க வீட்டு ரகசியத்துலயே நிக்கறவ. என்னென்னவோ கேட்டுப் பாத்தோம், ஒரு வார்த்தை பேரல. "அதெல்லாம் சொல்லக்கூடாதுடி"ன்னு முடிச்சுட்டா. பிபிசி சேவை நிரந்தரமா நிறுத்தம்.

அடுத்தது சென்டம். எங்க ஃபர்ஸ்ட் ரேங்க். அப்பல்லாம் பிளஸ் டூ மொத்தம் 1200 மார்க், ஆறு பாடம், ஒவ்வொண்ணும் 200. (இப்ப 600 ஆக்கிட்டாங்க. பசங்ககிட்ட என் மார்க்கைச் சொன்னா நல்ல மார்க்னு நினைச்சுக்கறாங்க, நான் திருத்தறதில்ல.) இவ 1100-ஐத் தாண்டினவ. மேத்ஸ்ல சென்டம். அந்தக் காலத்துல டாக்டர், இன்ஜினியர் சீட்டுக்கு பிளஸ் டூ மார்க் மட்டும் பத்தாது, நுழைவுத் தேர்வும் எழுதணும். 1984-ல ஆரம்பிச்சது, 2006 வரைக்கும் இருந்துச்சு. இவ அப்ளிகேஷனே வாங்கல. ரிசல்ட்டுக்கு முன்னாடியே நிச்சயம் ஆயிடுச்சு. வைகாசில கல்யாணம். ஆரணிப் பக்கம், ரைஸ் மில்காரங்க வீடு.

இருபத்தஞ்சு வருஷமா எங்க பேட்ச்ல இவ கதைதான் சோகக் கதை. "எப்பேர்ப்பட்ட மூளை! வீணாப் போச்சே." எந்த ரெண்டு பேர் எங்க பாத்துக்கிட்டாலும், பஸ் ஸ்டாண்டோ கல்யாண வீடோ, பேச்சு கடைசில இவகிட்ட வந்து நிக்கும், ஒரு பெருமூச்சு விட்டுட்டு பஸ் ஏறிடுவோம்.

அவளே நேர்ல வந்தா. நாங்க முகத்தை எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தோம்.

"எல்லாரும் ஏண்டி எழவு வீட்ல உக்காந்த மாதிரி பாக்கறீங்க? எனக்குப் படிக்கவே பிடிக்காதுடி. மார்க் வாங்கத்தான் பிடிக்கும்!"

மில் கணக்கு மொத்தமும் அவ கையிலதானாம். நெல்லு மூட்டை எடை, ஈரப்பதம், அரவைல எத்தனை கிலோ அரிசி நிக்கும், தவிடு எவ்வளவு, குருணை எவ்வளவுன்னு மூச்சு விடாமச் சொன்னா. ஒரு மூட்டை குறைஞ்சாலும் ராத்திரி தூக்கம் வராதாம். மேத்ஸ் பேப்பர்ல 199 வந்திருந்தா எப்படி இருந்திருப்பாளோ அதே ஆள்தான்! மகனைப் பாத்து மாமனார் பயப்படறாரோ இல்லையோ, மருமகளைப் பாத்து பயப்படறாராம்.

இதுக்காக, படிக்க விடாம கல்யாணம் பண்ணி வச்சது சரின்னு நான் சொல்லல. எழுதியிருந்தா சீட்டு கிடைச்சிருக்கும், அவளுக்குப் பிடிக்குதா இல்லையான்னு அவ முடிவு பண்ணியிருப்பா. அதை யாரும் கேக்கல. அது தப்புதான். ஆனா அவளைக் கேக்காமலே அவளுக்காக அழுத நாங்களும் அதே வேலையைத்தானே பண்ணோம்?

கொப்பரைங்கறவளைப் பத்தி எழுதலைன்னா இந்தப் பதிவே வீண்.

வெளியூர்க்காரங்களுக்குக் கொஞ்சம் விளக்கம். கார்த்திகை தீபத்தன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு 2668 அடி மலை உச்சில மகாதீபம் ஏத்துவாங்க. பெரிய செப்புக் கொப்பரை, ஆயிரக்கணக்கான கிலோ நெய், திரிக்கு காடா துணி. அதை ஏத்தற உரிமை பர்வதராஜ குலத்துக்காரங்களுக்குத்தான். கொப்பரையை மலைமேல சுமந்துட்டுப் போறது, நெய் ஏத்தறது, பதினோரு நாளும் அணையாமப் பாத்துக்கறது எல்லாம் அவங்க. இவ அந்தக் குலத்துப் பொண்ணு. அப்பா, சித்தப்பா, அண்ணன்னு வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் அந்தப் பதினோரு நாளும் மலைலதான்.

மீதி நாள்ல கிளாஸ்ல இவ இருக்கறதே தெரியாது. தீபம் நெருங்கிட்டா பாக்கணுமே! பெஞ்ச்ல ஏறி நிக்காத குறை. "எங்கண்ணன் இன்னிக்கு ஏறிட்டான்", "காத்து இந்தப் பக்கம் அடிக்குது, திரியைத் திருப்பணும்"னு கமென்ட்ரி கொடுப்பா. தீபம் எரியற ராத்திரில, அவங்க வீட்டு மாடிலேர்ந்து டார்ச் அடிச்சா மேல இருக்கற அண்ணனுக்குத் தெரியும்னு சத்தியம் பண்ணுவா. (தெரியாது. சண்டை போட்டிருக்கோம்.)

தீபத்துக்கு பந்தோபஸ்துக்கு வர்ற போலீஸ் எங்க கிளாஸ்லதான் தங்குவாங்க. லீவு முடிஞ்சு போனா போர்டுல யார் யாருக்கு எந்த கோபுர வாசல்ல டியூட்டின்னு சாக்பீஸ்ல எழுதியிருக்கும். பெஞ்ச் எல்லாம் இடம் மாறியிருக்கும். பின்னாடியே அரைப் பரீட்சை. எங்க ஊர்ப் பொண்ணுங்க டிசம்பர்ல மார்க் குறைச்சு வாங்கினா அதுக்கு அண்ணாமலையார்தான் பொறுப்பு.

பதினோரு நாள் எரிஞ்ச கொப்பரையைக் கீழ இறக்கி, அதுலேர்ந்து மை எடுப்பாங்க. ஆருத்ரா தரிசனத்தன்னிக்கு அதை முதல்ல நடராஜருக்கு வைப்பாங்க, அப்புறம்தான் ஜனங்களுக்கு. எங்க கொப்பரை பப்ளிக் எக்ஸாம் முதல் நாள் அந்த மையை, பஸ் டிக்கெட்ல மடிச்சு, இடுப்புல சொருகிட்டு வந்தா. ஹாலுக்கு வெளில நின்னு ஒவ்வொருத்தி நெத்தியா வச்சு விட்டா. அது நெய்ப்பிசுக்கு மை. லேசுல போகாது. முதல் பேப்பர் தமிழ், எல்லார் விடைத்தாள்லயும் ஒரு ஓரத்துல கருப்பா கட்டைவிரல் ரேகை.

(அதுக்கு மேல ஒரு இன்ஷூரன்ஸ் வேற எடுத்தோம். பரீட்சை மாசத்துப் பௌர்ணமிக்கு பதினாலு கிலோமீட்டரும் செருப்பில்லாம நடந்து, பாடத்துக்கு ஒரு லிங்கம்னு ஒதுக்கினோம். இந்திர லிங்கம் தமிழ். அக்னி லிங்கம் கெமிஸ்ட்ரி. எம லிங்கம் மேத்ஸ், இதுல ஓட்டெடுப்பே நடக்கல. பாடம் ஆறு, லிங்கம் எட்டு. குபேர லிங்கத்துகிட்ட கேக்க ஒண்ணும் இல்லாம ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்தோம். இப்ப அதே பொண்ணுங்க அங்கதான் ரொம்ப நேரம் நிக்கிறோம்.)

கொப்பரை இப்ப பெங்களூர்ல தையல் யூனிட்ல சூப்பர்வைசர். நிறையப் பேசறா. தீபத்துக்கு மட்டும் லீவு கிடைக்கலைன்னா வேலையை விட்டுடுவேன்னு மிரட்டி லீவு வாங்கிடுவாளாம்.

சரி, தலைப்புக்கு வரேன். இந்த 'அப்பவே தெரியும்' கோஷ்டிக்கு எங்க ஊர் செங்கம் ரோட்லயே, ரமணாசிரமத்துல ஒரு பதில் இருக்கு.

ரமணர் மதுரைல அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல்ல படிச்சவர். அப்ப வேங்கடராமன். பி.வி. நரசிம்ம சுவாமி 1931-ல எழுதின வாழ்க்கை வரலாற்றுல அந்த நாள் சமாச்சாரமெல்லாம் இருக்கு. கூட இருந்த பசங்க அவரைப் பத்தி என்ன ஞாபகம் வச்சிருந்தாங்க தெரியுமா? தூக்கம்! முழிச்சிருக்கும்போது அவர்மேல கை வைக்க பயந்தவங்க, தூங்கும்போது தூக்கிட்டுப் போய் ஆசை தீர மொத்திட்டு, திரும்பக் கொண்டு வந்து படுக்க வச்சுடுவாங்களாம். காலைல யாராவது சொன்னாத்தான் அவருக்கே தெரியுமாம். அப்புறம் கால்பந்து, மல்யுத்தம், நீச்சல். அவர் சேர்ற கட்சிதான் ஜெயிக்கும்ங்கறதால 'தங்கக்கை'ன்னு பட்டப்பேர்.

தூங்குமூஞ்சி, தங்கக்கை. அவ்வளவுதான் பசங்களுக்குத் தெரிஞ்சது. இவன் ஞானியாவான்னு அப்பவே தெரியும்டான்னு ஒருத்தரும் சொன்னதா நான் படிக்கல.

1896 ஆகஸ்ட் 29. பதினாறு வயசு. இங்கிலீஷ் இலக்கணத்தை மூணு தடவை எழுதுன்னு இம்பொசிஷன். அதைப் பாதில மூடி வச்சுட்டு, ஸ்கூல்ல எலக்ட்ரிசிட்டி பத்தி ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பறார். அண்ணன் தன்னோட காலேஜ் ஃபீஸைக் கட்டச் சொல்லிக் கொடுத்த அஞ்சு ரூபாய்ல மூணை எடுத்துக்கிட்டு, மீதி ரெண்டை ஒரு சீட்டோட வச்சுட்டு ரயிலேறிட்டார். செப்டம்பர் 1, அருணாசலேஸ்வரர் கோயில். 1950-ல சமாதி ஆகற வரைக்கும் ஊரை விட்டு நகரவே இல்ல.

ஸ்பெஷல் கிளாஸ்! எங்க ஊருக்கு மகரிஷி கிடைச்சதே ஸ்பெஷல் கிளாஸ் புண்ணியத்துல. (அதே ஸ்பெஷல் கிளாஸைச் சொல்லிட்டு நாங்களும் கிளம்பினோம். 'காதலுக்கு மரியாதை' மேட்னி வரைக்கும்தான் போக முடிஞ்சுது.)

அவரோட சேர்ந்து ஃபுட்பால் ஆடின அப்துல் வகாப்ங்கறவர் பின்னாடி போலீஸ் அதிகாரியாகி, இங்க வந்து அவரைப் பாத்திருக்கார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஊரே விழுந்து கும்பிடற ஒருத்தர். அவரை கிரவுண்டுல பந்தோட பாத்த கண்ணு ஒண்ணு அந்தக் கூட்டத்துல நின்னிருக்கு.

இதே ரீதில, "ஃபெயிலானவதான் இன்னிக்கு முதலாளி"ன்னு ஒரு கதை வரும்னு நீங்க எதிர்பாக்கலாம். வராது. எங்க கிளாஸ்ல நாலு பேர் ஃபெயில். ஒருத்தி ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரங்களுக்கு வீடு வாடகைக்குப் பிடிச்சுக் கொடுத்து நல்லா இருக்கா. ஒருத்தி சுமாரா இருக்கா, அதையும் அவளே சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. மீதி ரெண்டு பேரைக் கண்டுபிடிக்கவே முடியல.

கண்டுபிடிக்கறதுன்னதும் ஞாபகம் வருது. '96' படம் 2018-ல வந்ததுலேர்ந்து யாரைப் பாத்தாலும் ரீயூனியன். அதுக்கு முன்னாடி 2004-ல சேரனோட 'ஆட்டோகிராப்'. ரெண்டுலயும் ஒரு ஆம்பளை பழசை நினைச்சு உருகுவார். ரெண்டும் நான் பாத்து அழுத படம்தான். எங்க ஊர்லயும் ஆளுங்களைப் பத்திப் பேச ஆளுக்குக் குறைச்சல் இல்ல. எழுத்தாளர் பவா செல்லதுரை '19 டி.எம். சாரோனிலிருந்து'ன்னு வீட்டு விலாசத்தையே புஸ்தகத் தலைப்பா வச்சவர். (டி.எம்.னா டேனிஷ் மிஷன்.) எழுத்தாளருங்க விலாசம் அப்படியே இருக்கு. பொண்ணுங்களுக்கு விலாசம் எங்க நிக்குது?

ஆட்டோகிராப்ல எழுதினது எல்லாம் அப்பா வீட்டு அட்ரஸ். போனா வேற யாரோ குடியிருக்காங்க. இனிஷியல் மாறியிருக்கும். ஃபேஸ்புக்ல டிபில ஒண்ணு குழந்தை இருக்கும், இல்ல முருகர் இருப்பார். நம்பர் கிடைச்சு அடிச்சா ஹஸ்பெண்ட் எடுப்பார். "யாரு? எதுக்கு? எந்த ஸ்கூலு?" போலீஸ் வெரிஃபிகேஷன் தோத்துச்சு. ஒருத்தர், "அவ அந்த ஸ்கூல்ல படிக்கவே இல்லையே"ன்னு அடிச்சுச் சொன்னார். கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு அவருக்கு!

பசங்க ஸ்கூல் 98 பேட்ச் ஒரே வாரத்துல மொத்தப் பேரையும் சேத்துட்டாங்க. எங்க அட்மின் கடைசில தேரடி வீதில பூக்காரம்மாகிட்ட போய் உக்காந்தா. எந்தப் பொண்ணை எந்த ஊருக்குக் கொடுத்தாங்கன்னு அந்தம்மா விரல் விட்டுச் சொல்லிட்டாங்க. மாலை கட்டினவங்களாச்சே. கீழ்பென்னாத்தூர் ரெண்டு, வேட்டவலம் ஒண்ணு, செங்கம் மூணு. கூகுளுக்குத் தெரியாததெல்லாம் அந்தக் கூடைக்குள்ள இருந்துச்சு.

அப்படித்தான் ஒரு ஞாயித்துக்கிழமை கூடினோம். (பௌர்ணமி இல்லாத ஞாயிறா பாத்து. பௌர்ணமியன்னிக்கு எங்க ஊர்ல நீங்க உங்க வீட்டுக்கே போய்ச் சேர முடியாது.)

குரூப் போட்டோவைப் பெருசா ஃபிளெக்ஸ் அடிச்சு மாட்டியிருந்தாங்க. ஒவ்வொரு முகமா பேர் சொல்லிட்டு வந்தோம். மூணாவது வரிசைல, இடதுலேர்ந்து அஞ்சாவது. ஒருத்தருக்கும் பேர் வரல. பட்டப்பேர் கூட வரல. "வேற செக்‌ஷன் போலடி"ன்னு ஒருத்தி சொல்லும்போது பின்னாடிலேர்ந்து, "நான்தான் அது"ன்னு ஒரு குரல்.

தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுத்துட்டு இருந்தவ.

ஒரு நிமிஷம் எங்களுக்கு எங்க பாக்கறதுன்னு தெரியல. அவ சாதாரணமா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து ஆரம்பிச்சா பாருங்க. யார் எந்த பெஞ்ச். யார் யாரோட எந்த மாசம் பேசாம இருந்தா. ஹைட்ரஜன் சல்ஃபைடைத் திறந்தது டி.சி. வாங்கினப்ப நாங்க நினைச்ச ஆளே இல்ல, சென்டம்! (சென்டம் மறுக்கல. மார்க்குக்காக தனியா பழகிப் பாத்தாளாம்.) சாத்தனூர் டேம் டூர்ல முதலைப் பண்ணை சுவத்துமேல யார் ஏறினா, யார் மீன் வறுவல் காசைக் கொடுக்காம பஸ் ஏறினா. எல்லாம் தேதி வாரியா. கூட இருந்து வீடியோ எடுத்தாப்ல.

"உனக்கு நான் எப்படி ஞாபகம்?"னு கேட்டேன். நான்தான் கிளாஸ்லயே பெரிய ஜோக்கர்னு எனக்கு ஒரு நினைப்பு.

"நீயா? நீ டிபன் பாக்ஸை மூடியால மறைச்சுக்கிட்டு சாப்பிடுவ. யாராவது பாத்துடுவாங்களோன்னு ஜோக்கா சொல்லிட்டே இருப்ப. பாதி நாள் பழைய சோறு, வெங்காயம்."

கரெக்ட். எங்கம்மாவுக்குக் கூட அந்த மூடி விஷயம் தெரியாது.

அவ மட்டும்தான் அன்னிக்கு முழுக்க 'அப்பவே தெரியும்'னு ஒரு தடவை கூட சொல்லல. பாத்ததை மட்டும் சொன்னா.

ஃபெயிலானவங்கள்ல கண்டுபிடிக்க முடியாத அந்த ரெண்டு பேருக்கும் இப்ப அவதான் துப்பு கொடுத்திருக்கா. பூக்காரம்மாவுக்கும் தெரியாததால இங்க போடறேன், ஷேர் பண்ணுங்க:

ஒருத்தி தண்டராம்பட்டு பஸ்ல வருவா. இடது ஜடை ரிப்பன் மட்டும் எப்பவும் அவுந்திருக்கும், பஸ் கம்பில சாஞ்சு தூங்கற பக்கம் அது. பயாலஜி ரெகார்டுல தவளை வரைஞ்சா கண்ணு மட்டும் அவ்வளவு நல்லா வரும். இன்னொருத்தி போளூர் ரோடு. கட்டையான குரல், பிரேயர்ல நீராரும் கடலுடுத்த பாடும்போது தனியாக் கேக்கும். வலது முழங்கைல மச்சம், இது டி.சி. மச்சம் இல்ல, நிஜ மச்சம்.

உங்க அக்காவோ அண்ணியோ எதிர்வீட்டு ஆன்ட்டியோ இப்படி யாராவது இருந்தா சொல்லுங்க. பாஸா ஃபெயிலான்னு ஒரு நாயும் கேக்காதுன்னும் சொல்லுங்க. அடுத்த தடவை டிசம்பர்ல வைக்கலாம்னு அட்மின் சொல்றா, அது மட்டும் நடக்காது. தீபத்துல ரூம் வாடகை என்னன்னு அவளுக்கு யாராவது எடுத்துச் சொல்லணும், கொப்பரை வேற வர மாட்டா. தை மாசம்னு வச்சுக்கோங்க. வடை இந்தத் தடவை சென்டம் செலவு.